பூட்டில்லா வண்டிக்குப் பூட்டு

1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள், ஹாலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் நடைபெற்ற மோட்டார் கண்காட்சியில், இங்கிலாந்தின் ரோவர் நிறுவனம் புதுவகை வண்டி ஒன்றை மக்கள் பார்வைக்கு வைத்தது. அதன் பெயர் லேண்ட் ரோவர். அதன் பின்னர் ஏழு வாரம் நிரம்பவில்லை. ஜூன் 16ஆம் நாள் காலை, பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில் தோட்டத்து நிர்வாகி ஆர்தர் வாக்கர் தம் அலுவலகத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர்கள் சைக்கிளில் வந்து சைக்கிளிலேயே திரும்பினர். அன்று காலையிலேயே பின் சூன் தோட்டத்தில் ஜான் எலிசன், இயன் கிறிஸ்டியன் என்னும் இருவரும் கொல்லப்பட்டனர். பேராக், ஜோகூர் மாநிலங்களின் சில பகுதிகளில் உடனே அவசர காலம் அறிவிக்கப்பட்டது. ஜூன் 18இல் அது மலாயாக் கூட்டரசு முழுவதற்கும் விரிந்தது. 1960 ஜூலை 31 வரை நீடித்த அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில், ஆம்ஸ்டர்டாமில் பிறந்த வண்டிக்கும் சுங்கை சிப்புட்டில் தொடங்கிய அச்சத்துக்கும் பேராக்கின் பால்மரக் காடுகளில் நெருங்கிய உறவு ஏற்பட்டது.

அந்த வண்டியைப் பற்றி இயந்திர நூல்கள் ஏராளம். அதில் வந்த துரைமார்கள் எழுதிய நினைவுக் குறிப்புகளும் உண்டு. அதை ஓட்டியவரும், அதன் அடியில் படுத்து எண்ணெய் சொட்டச் சொட்டப் பழுது பார்த்தவரும், இரவில் அது களவு போகாமல் காத்தவரும் பெரும்பாலும் எழுதாதவர்கள். அவர்களுள் தமிழர் பலர். ஒரு வண்டியை எப்படிப் பூட்டினார்கள் என்னும் சின்னஞ்சிறு கேள்வியை எடுத்துக்கொண்டால் கூட, தோட்டத்து வாழ்வில் யார் யாரை நம்பினர், யார் யாரை ஐயுற்றனர் என்னும் பெருங்கேள்வி அதன் பின்னே வந்து நிற்கிறது.

லேண்ட் ரோவருக்கு முன்னோடி ஜீப். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் 1941க்கும் 1945க்கும் இடையில் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் செய்யப்பட்டன. ஜப்பானியர் சரணடைந்த பின் 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் மலாயாவுக்குத் திரும்பியபோது படையோடு ஜீப்பும் வந்தது. படைக்குத் தேவையற்றுப் போனவை கைமாறித் தோட்டங்களுக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் வந்து சேர்ந்தன. அவற்றுக்கு ஒரு வினோதமான குறை இருந்தது. தொடக்கத்தில் செய்யப்பட்ட ஜீப்புகளுக்குத் திறவுகோல் உண்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் எச் 700 என்னும் ஒரே எண்ணுள்ள திறவுகோல்தான். ஒரு வண்டியின் திறவுகோலை வைத்திருப்பவன் ஆயிரம் வண்டிகளை எடுத்துச் செல்லலாம். பின்னர் வந்தவற்றில் அதுவும் இல்லை. கைப்பிடி ஒன்றைத் திருப்பினால் போதும், மின்னோட்டம் பாயும்.

இது அறியாமையால் நேர்ந்த பிழையன்று. போர்க்களத்தில் ஓட்டுநன் சட்டைப்பையில் திறவுகோலோடு இறந்துபோனால், அடுத்து வருபவனுக்கு அந்த வண்டி வெறும் இரும்பு. எவரும் எப்போதும் ஏறி ஓட்டத்தக்கதாய் இருக்க வேண்டும் என்பதே படையின் கணக்கு. ஆனால் எவரும் என்பதில் பகைவனும் அடங்குவான் அல்லவா? அந்த இடரை இங்கிலாந்து 1940இலேயே உணர்ந்தது. பிரான்சு வீழ்ந்து ஜெர்மானியர் வான்வழி இறங்கக்கூடும் என்று அஞ்சிய அக்கோடையில், ஆளில்லாமல் நிற்கும் மோட்டார் வண்டிகளை ஓடாதபடி முடக்கி வைக்க வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. மக்கள் கண்ட எளிய வழி, பொறியின் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து, அதனுள்ளிருக்கும் ரோட்டர் என்னும் சிறு சுழல்கையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது. சுண்டுவிரல் நீளங்கூட இராத அந்தப் பொருள் இல்லாவிட்டால் எந்தப் பெட்ரோல் வண்டியும் நகராது. போர் முடிந்து மலாயாவுக்கு வந்த படையினரும் துரைமாரும் அந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தனர். படைவண்டிகளில் மற்றொரு பழக்கமும் உண்டு: ஸ்டீயரிங் சக்கரத்தைச் சங்கிலியால் பிணைத்துப் பூட்டுப் போடுவது. வீட்டுக் கதவுக்கும் பசுவின் கழுத்துக்கும் உரிய பொருள்கள் இரண்டும் மோட்டார் வண்டிக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

ரோவர் நிறுவனத்தின் மாரிஸ் வில்க்ஸ் தம் பண்ணையில் ஒரு பழைய ஜீப்பை வைத்திருந்தார். அது தேய்ந்துபோனால் அதற்கு மாற்றாக வேறெதை வாங்குவது என்னும் எண்ணத்தில் பிறந்ததே லேண்ட் ரோவர். போருக்குப்பின் இரும்புத்தகடு கிடைப்பது அரிதாகையால் அதன் உடலை அலுமினியக் கலவைத் தகட்டால் செய்தனர். அதனால் துருப்பிடிக்கும் தொல்லை குறைந்தது. மழைநாடான மலாயாவுக்கு இது நல்வாய்ப்பு. பிற்காலத்தில் இதுவே அந்த வண்டிக்குக் கேடாகவும் முடிந்தது.

காவல் என்னும் நோக்கில் பார்த்தால், முதல் வரிசை லேண்ட் ரோவர் ஏறக்குறைய திறந்த வீடு. கூரை கித்தான் துணி. ஒரு கத்தி போதும். தொடக்க கால வண்டிகளின் கதவுக்கு வெளிப்புறக் கைப்பிடியே கிடையாது. பக்கத்துத் திரையிலுள்ள மடிப்பைத் தூக்கி உள்ளே கைவிட்டுத் திறக்க வேண்டும். உடையவன் திறப்பதும் அப்படியே, கள்வன் திறப்பதும் அப்படியே. பின்னர் வந்த கதவுகளில் நகர்த்தும் கண்ணாடி இருந்தது. அதையும் நகர்த்திக் கைவிடலாம். முன்மூடியைத் தூக்க எந்தத் திறவுகோலும் வேண்டியதில்லை. பெட்ரோல் தொட்டி வலப்பக்க இருக்கையின் கீழ் இருந்தது. முதல் வரிசை வண்டிகளில் மெத்தையைத் தூக்கினால் தொட்டியின் மூடி கைக்கு எட்டும். ஒரு ரப்பர் குழாயும் ஒரு தகரமும் உள்ளவன் நிலவில்லாத இரவில் என்ன செய்யக்கூடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மின்கலம் செத்துப்போனாலும் அச்சமில்லை என்று கைச்சுழற்றி ஒன்றையும் வண்டியோடு கொடுத்திருந்தனர். கள்வனுக்கு அதுவும் உதவி.

அவசர காலத்தில் இந்த வண்டிகளைத் தோட்டங்கள் முதலில் காத்தது களவிலிருந்து அன்று, குண்டிலிருந்து. துரைமார் தம் கார்களுக்கும் ஜீப்புகளுக்கும் லேண்ட் ரோவர்களுக்கும் இரும்புத்தகடு பொருத்திக்கொண்டனர். கண்ணாடிக்குப் பதிலாகப் பார்ப்பதற்கு ஒரு கீற்று மட்டும் விட்டு மற்றதைத் தகட்டால் மூடிய வண்டிகள் பேராக்கின் செம்மண் பாதைகளில் ஊர்ந்தன. தகட்டின் பாரம் தாங்காமல் வில்தகடுகள் வளைந்தன. உள்ளே இருப்பவருக்கு வெக்கை அடுப்பங்கரையை ஒத்தது. அந்தத் தகடுகளை அளந்து வெட்டிப் பொருத்தும் வேலை நகரத்துப் பட்டறைகளிலும் தோட்டத்து ஆலைகளிலும் நடந்தது. ஈப்போ அதற்கேற்ற நகரம். கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்குக் குழாயும் பம்பும் செய்து கொடுத்த வார்ப்படசாலைகளும் இயந்திரப் பட்டறைகளும் அங்கே நிறைந்திருந்தன.

காட்டிலிருந்த போராளிகளுக்கு மோட்டார் வண்டி தேவைப்படவில்லை என்பது இங்கே கருதத்தக்கது. காட்டில் அதை எங்கே ஓட்டுவது? அவர்கள் பேருந்தையும் லாரியையும் மறித்து எரித்தார்களே தவிர, கொண்டுபோய் வைத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்கு வேண்டியவை அரிசி, மருந்து, துணி, ஆயுதம். ஆகவே அரசு பூட்டியதும் அவற்றைத்தான். 1951இல் உணவுக் கட்டுப்பாடு இறுகியபோது, உணவு ஏற்றிய லாரிகள் குறித்த பாதையில், குறித்த நேரத்தில், கித்தானால் இறுகக் கட்டப்பட்டுச் செல்ல வேண்டியிருந்தது. கடையில் விற்கும் உணவுத் தகரங்களை ஓட்டையிட்டே கொடுத்தனர், பதுக்கி வைத்தால் கெட்டுப்போகட்டும் என்று. தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்கள் ஓரிடத்தில் திரட்டப்பட்டு முள்வேலிக்குள் வந்தன. மாலையில் வாயில் அடைபடும், காலையில் திறக்கும். வண்டியைக் காட்டிலும் மனிதர் இறுகப் பூட்டப்பட்ட காலம் அது.

அந்த நாளில் தோட்டத்து ஓட்டுநரின் நிலை இரு முனையும் கூரான கத்தி. வேலிக்கு வெளியே நாள்தோறும் போய்வரும் மிகச் சிலருள் அவர் ஒருவர். வழியில் வண்டியை நிறுத்தினால் சோதனைச் சாவடிக்காரர் கேட்பார்: ஏன் நிறுத்தினாய்? நிறுத்தாமல் போனால் காட்டிலிருந்து குண்டு வரலாம். சம்பளப் பணம் எடுக்க ஈப்போவுக்கோ கோலாகங்சாருக்கோ துரையோடு செல்லும் நாளில், துரைக்குக் கைத்துப்பாக்கி உண்டு, காவலருக்குத் துப்பாக்கி உண்டு. ஓட்டுநருக்கு இரு கையிலும் ஸ்டீயரிங் மட்டுமே. கொல்லப்பட்ட துரைமாரின் பெயர்கள் கல்லறைகளிலும் நூல்களிலும் பதிந்துள்ளன. உடன் மாண்ட ஓட்டுநர்களைத் தேடுவோர், 'உடன் சென்ற ஓட்டுநர்' என்னும் சொற்றொடரோடு பல இடங்களில் நின்றுவிட நேர்கிறது.

அவசர காலம் முடிந்த பின்புதான் களவு என்பது தனிச்சிக்கலாக வளர்ந்தது எனலாம். காரணம் சந்தை. 1950களிலேயே ஆங்கிலேயர் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியோர் பலர் அவற்றைத் துண்டு துண்டாக மறுவிற்பனை செய்தனர். இதனால் தொழிலாளர் அடைந்த இன்னலை உங்கு அஸிஸ் தலைமையிலான ஆய்வு விரிவாக ஆராய்ந்து வெளியிட்டது. அவ்வின்னலுக்கு மாற்றாகத் துன் சம்பந்தனார் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவியதைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். தோட்டம் துண்டாடப்பட்டபோது ஆலையும் வண்டிகளும் தனித்தனியே விலைபோயின. மரவேலைக்காரர், ஈயச் சுரங்கக்காரர், தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் காய்கறி வணிகர் எனப் பலரும் பழைய லேண்ட் ரோவரைத் தேடினர். வாங்க ஆள் இருந்தால் எடுத்து வர ஆளும் இருக்கும்.

வண்டியைக் காக்கும் கைவினை வளர்ந்தது இந்தச் சூழலில்தான்.

அவற்றுள் மிகவும் அழகானது ஒரு காசும் செலவாகாதது. லேண்ட் ரோவரில் வழக்கமான கியர்க் கோலைத் தவிர வேறு இரண்டு கோல்கள் உண்டு. மஞ்சள் தலை கொண்டது முன்சக்கரங்களையும் இயக்குவதற்கு. சிவப்புத் தலை கொண்டது வேகநிலையையும் மெதுநிலையையும் மாற்றுவதற்கு. இந்தச் சிவப்புக் கோலுக்கு நடுவில் ஒரு நிலை இருக்கிறது. அங்கே நிறுத்திவிட்டால் பொறி ஓடும், கியர் விழும், கிளட்ச் வேலை செய்யும், ஆனால் சக்கரம் அசையாது. நின்றபடியே மரம் அறுக்கும் வாளையோ நீர் இறைக்கும் பம்பையோ இயக்குவதற்காகப் பொறியாளர் வைத்த நிலை அது. அதைக் காவலாக மாற்றியவர் ஓட்டுநர். காரோட்டிப் பழகிய கள்வன் உள்ளே ஏறி, கம்பியை இணைத்துப் பொறியையும் கிளப்பி, ஒவ்வொரு கியராக மாற்றிப் பார்த்து, வண்டி கெட்டுக் கிடக்கிறது என்று இறங்கிப் போவான். கைத்தடையோ சக்கரத்தில் அன்றிப் பின்சக்கரத்துக்குச் செல்லும் தண்டில் பிடிப்பதால், கோல் நடுவில் இருந்தாலும் வண்டி மேட்டில் உருளாமல் நிற்கும். லேண்ட் ரோவர் அறிந்த கள்வனிடம் இது செல்லாது என்பது உண்மைதான். எனினும் எல்லாக் கள்வரும் லேண்ட் ரோவர் அறிந்தவர் அல்லர்.

ரோட்டரைக் கழற்றும் வழக்கம் ஓட்டுநரின் சட்டைப்பையை ஒரு சிறு பெட்டகமாக ஆக்கியது. இரண்டு பிடிகளை விலக்கினால் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி விலகும். ரோட்டரை மேல்நோக்கி இழுத்தால் கையோடு வரும். கால் நிமிட வேலை. இதன் குறையும் தெரிந்ததே: லூகாஸ் நிறுவனத்தின் டிஸ்ட்ரிபியூட்டர்கள் மோரிஸ், ஆஸ்டின் முதலிய அந்நாளைய ஆங்கிலக் கார்கள் பலவற்றிலும் இருந்தன. ஒரு வண்டியின் ரோட்டர் மற்றொன்றுக்குப் பொருந்துவதுண்டு. தொழில் தெரிந்த கள்வன் ஒரு ரோட்டரைத் தானே கொண்டுவரலாம். அதனால் சிலர் ரோட்டரை விட்டுவிட்டுப் பிளக்குக் கம்பிகளின் வரிசையை மாற்றி வைத்தனர். பொறி இருமும், வெடிக்கும், ஓடாது. ஆனால் மழைக்கால விடியலில் அவசரமாய்ப் புறப்பட வேண்டிய நாளில், எந்தக் கம்பி எங்கே என்று மறந்துபோன ஓட்டுநரைக் கண்டு லயமே சிரிக்கும்.

மறைவிசை வைப்பது அடுத்தபடி. இது கொஞ்சம் மின்னறிவு வேண்டுவது. திறவுகோலிலிருந்து காயிலுக்குப் போகும் கம்பியை இடையில் வெட்டி, ஒரு சிறு விசையை இணைத்து, அதை இருக்கையின் கீழோ கருவிப்பலகையின் பின்னோ ஒளித்து வைப்பர். வேறொரு முறையும் உண்டு: காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்லும் கம்பியை விசையின் வழியே வண்டியின் உடலோடு இணைப்பது. அப்போது பொறி சுழலும், தீப்பொறி பிறக்காது. இரண்டாம் முறை செய்வதற்கு எளிது. ஆனால் கள்வன் மின்னோட்டத்தைத் திறந்தபடியே விட்டுப் போனால் காயில் சூடேறிப் பாழாகும். வண்டி மிஞ்சும், காயிலுக்குச் செலவு வரும். தேர்ந்த மெக்கானிக் முதல் முறையையே விரும்புவார்.

பெட்ரோல் குழாயில் ஒரு திருகு அடைப்பான் பொருத்துவது கள்வனின் உளவியலை அறிந்தவன் செய்யும் வேலை. அதை அடைத்துவிட்டாலும் கார்புரேட்டரில் மிஞ்சிய பெட்ரோலால் பொறி உடனே கிளம்பும். கள்வன் மகிழ்ந்து புறப்படுவான். சற்றுத் தொலைவு போவதற்குள் வண்டி இருமி நிற்கும், அதுவும் நடுப்பாதையில். பட்டறையில் நிற்கும் வண்டியை எவ்வளவு நேரமும் குடையலாம். பாதையில் நிற்கும் வண்டியோடு நிற்பவனை யாரும் கேட்பர். தோட்டத்துப் பாதையில் விடியற்காலை நான்கு மணிக்கே பால்வெட்டுக்குப் புறப்படும் ஆட்கள் வருவர் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1957 முதல் வந்த டீசல் லேண்ட் ரோவர்களுக்கு இதுவே ஏறக்குறைய ஒரே வழி. டீசல் பொறிக்குத் தீப்பொறி வேண்டியதில்லை. ரோட்டரும் இல்லை, காயிலும் இல்லை. எண்ணெயை நிறுத்தினாலன்றி அதை நிறுத்த இயலாது. பெட்ரோல் வண்டியிலிருந்து டீசலுக்கு மாறிய ஓட்டுநர்கள் தம் பழைய தந்திரங்களில் பாதி பயனற்றுப் போனதைக் கண்டது அப்போதுதான்.

இவை கண்ணுக்குத் தெரியாத காவல்கள். தெரியும் காவல்களுக்குத் தோட்டத்துக் கொல்லன் வேண்டும். முன்மூடிக்கு ஒரு கொண்டி, அதில் ஒரு பூட்டு. மூடியின் மேலுள்ள மாற்றுச் சக்கரத்துக்கு ஒரு சங்கிலி. கிளட்ச் மிதியையும் ஸ்டீயரிங் சக்கரத்தையும் பிணைக்க வளைகொக்கி உள்ள ஓர் இரும்புக் கோல். பழைய லாரியின் வில்தகட்டை உலையில் காய்ச்சிப் பாராங் கத்தி அடிப்பது இந்நாட்டுக் கொல்லர் வழக்கம். அதே எஃகில் கொண்டி அடித்தால் சாதாரண அரம் அதில் எளிதில் ஏறாது. கடையில் விற்கும் கொண்டி மெல்லிய தகடு, ஒரு நெம்புகோலுக்குத் தாங்காது. இரண்டையும் எடைபோட்டால் தோட்டத்து உலைக்களம் வென்றது என்றே சொல்ல வேண்டும். ஆனால் கொண்டியைப் பொருத்துவது எதில்? அலுமினியத் தகட்டில். எஃகுக் கொண்டியை அசைக்க முடியாதவன் அலுமினியத் தகட்டைக் கிழித்துக் கொண்டியோடு கழற்றிவிடுவான். அதைத் தடுக்க உள்ளே ஒரு இரும்புப் பட்டை கொடுத்து, தறையாணியின் தலையை நசுக்கிவிடுவர். வல்ல பூட்டும் அது பற்றி நிற்கும் பொருளின் வலிமையையே தன் வலிமையாகக் கொண்டிருக்கிறது என்பதைத் தோட்டத்துக் கொல்லன் எந்தப் பாடநூலிலும் படிக்கவில்லை.

சொல்லைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. திறவுகோல் என்பது தமிழ். சாவி என்பது போர்த்துகீசியர் விட்டுச்சென்ற சொல். ஜன்னலும் அவ்வழி வந்ததே. மலாய் மொழியில் வழங்கும் குஞ்சி வடமொழிக் குடும்பத்துச் சொல். இந்தியிலும் அது குஞ்சியே. பேராக்கின் தோட்டத்தில் ஒரு தமிழ் ஓட்டுநர் சாவி என்றும், பட்டறையின் மலாய்க்காரர் குஞ்சி என்றும் ஒரே இரும்புத் துண்டைக் குறித்தபோது, இருவர் நாவிலும் கடல் கடந்து வந்த சொல்லே இருந்தது.

இனி, முன்னே சொன்ன பெருங்கேள்வி. தோட்டத்து வண்டி தோட்டத்தின் உடைமை. திறவுகோல் பங்களாவின் உடைமை. ஆனால் சிவப்புக் கோலை நடுவில் நிறுத்தியவர், ரோட்டரைப் பையில் வைத்தவர், மறைவிசை எங்கே என்று அறிந்தவர் ஓட்டுநர். திறவுகோல் துரையிடம் இருந்தும் ஓட்டுநர் இல்லாமல் வண்டி புறப்படாது. அதிகாரத்தின் அடையாளம் ஓரிடத்தில், அதன் உள்ளுறை வேறிடத்தில். இதை அறிந்த துரை, ஒளித்த விசை எத்தனை என்று கேட்டுத் தெரிந்துகொள்வார். இதை அறிந்த ஓட்டுநர், கேட்டதற்கு மட்டும் விடை சொல்வார்.

ஆனால் இந்தப் பெருமை ஒரு கடனோடு வந்தது. வண்டி களவு போனால் முதல் ஐயம் யார்மேல்? பூட்டைத் திறக்கத் தெரிந்தவர்மேல்தான். காவல் எவ்வளவு நுட்பமானதோ அவ்வளவுக்குக் குற்றச்சாட்டின் வட்டம் சுருங்கும். கொண்டியை உடைத்துக் கொண்டுபோனால் யாரோ அயலான் என்று சொல்லலாம். மறைவிசையைத் தட்டிக் கொண்டுபோனால்? அதை அறிந்தவர் இருவரே; ஒருவர் துரை. தோட்டத்தில் வேலை போவது வேலை மட்டும் போவதன்று. வீடு தோட்டத்தினுடையது, வேலை போனால் லயத்து அறையும் போகும், பிள்ளைகளின் தோட்டப் பள்ளியும் போகும். 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப்பின், குடியுரிமை இல்லாதவருக்கு வேலை அனுமதிச் சீட்டும் ஒரு கவலையாயிற்று. 1969க்குப் பிறகு அச்சீட்டுப் புதுப்பிக்கப்படாமல் பல்லாயிரவர் கப்பலேறித் தமிழகம் திரும்பினர். அத்தகைய காலத்தில், பிறர் வண்டிக்குத் தாம் செய்த நுட்பமான பூட்டு தம் கழுத்துக்கே வரக்கூடும் என்று ஓர் ஓட்டுநர் எண்ணியிருந்தால் அது வீண் அச்சமன்று. தெரிந்த காவலையும் தெரியாத காவலையும் சேர்த்தே வைக்கும் பழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணமாய் இருந்திருக்க வேண்டும். உடைந்த சங்கிலி ஓர் சாட்சி, அது பேசும்.

ஆலைகளும் மாறிக்கொண்டே வந்தன. 1971இல் வெளிவந்த மூன்றாம் வரிசை லேண்ட் ரோவரில் திறவுகோல் துளை ஸ்டீயரிங் தண்டுக்கு இடம் மாறியது. தண்டைப் பூட்டும் அமைப்பும் அதனோடு சேர்ந்தது. மேற்கு ஜெர்மனி 1960களின் தொடக்கத்திலும், அமெரிக்கா 1970லும் இத்தகைய காவலைப் புதுக் கார்களுக்குக் கட்டாயமாக்கியிருந்தன. ஆனால் பேராக்கில் ஓடிய வண்டிகளில் பெரும்பாலானவை பழையவை. புதியவை வந்தாலும் பழையவை சாகவில்லை. அலுமினிய உடல் துருவுக்கு இரையாவதில்லை. அடிச்சட்டம் துருப்பிடித்தாலோ, வெட்டி ஒட்டலாம்.

அந்த உடலே பின்னர் வினையாயிற்று. 1970களிலும் 1980களிலும் பால்மரங்கள் விழுந்து செம்பனை எழுந்தது. பின்னர் தோட்டங்கள் பல வீடமைப்பு நிலங்களாயின. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்ததும் கிந்தாவின் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் மூடின. துரையும் இல்லை, கிராணியும் இல்லை. வெறிச்சோடிய ஆலைக் கொட்டகையில் வண்டி மட்டும் நிற்கும். அந்நிலையில் கள்வனுக்கு அதை ஓட்டிச் செல்ல வேண்டிய தேவை இல்லை. கதவு, முன்மூடி, பின்தகடு என ஒவ்வொன்றும் திருகாணிகளால் இணைக்கப்பட்டவை. ஒரு பையில் ஸ்பானர்களோடு வருபவன் சில இரவுகளில் வண்டியைக் காயலான் கடைக்கு எடையாக மாற்றிவிடலாம். மறைவிசையும் ரோட்டரும் அங்கே என்ன செய்யும்? ஓடாதபடி தடுக்கும் காவல் எல்லாம், வண்டி ஓட வேண்டியதில்லை என்ற நிலையில் செல்லாக் காசாயின. பழைய பூட்டுகளைத் தோற்கடித்தது திறமையான கள்வன் அன்று, ஆளில்லாத தோட்டமே.

ஆள் என்பதே முதற்பூட்டாக இருந்தது என்பதை இந்த வீழ்ச்சிக்குப் பின்னரே காண முடிகிறது. இருநூறு குடும்பங்கள் வாழ்ந்த இடத்தில், வண்டியின் ஒலியைச் சிறுவர்கூட அறிவர். இன்ன வண்டி, இன்னார் ஓட்டுகிறார், இப்போது இரண்டாம் கியருக்கு மாற்றுகிறார் என்று கண்ணை மூடியே சொல்லும் கூட்டம் அது. நள்ளிரவில் வேறொரு கை அந்தப் பொறியைக் கிளப்பினால் நாய் குரைக்கும் முன்னரே யாரேனும் விளக்கேற்றுவர். லயங்கள் காலியானபோது அந்தக் காதுகளும் ஈப்போ, மேரு, சிம்மோர் என்று சிதறிப்போயின. ஓட்டுநர் சிலர் லாரிக்கும் பேருந்துக்கும் சென்றனர். பிட்டராய் இருந்தவர் சிலர் நகரத்துப் பட்டறையில் பிறர் வண்டிக்கு மறைவிசை பொருத்தினர்.

சட்டமும் காலத்தோடு வளர்ந்தது. மோட்டார் வண்டிக் களவுக்கென்று மலேசியக் குற்றவியல் சட்டத்தில் 379ஏ என்னும் தனிப்பிரிவு உள்ளது. குற்றம் உறுதியானால் ஓராண்டுக்குக் குறையாமல் ஏழாண்டு வரை சிறை. பழைய வண்டியின் அடையாளம் இரண்டு இடத்தில் இருக்கிறது: தறையாணியால் பொருத்திய தகட்டிலும், அடிச்சட்டத்தில் அடித்த எண்ணிலும். தகட்டைக் கழற்றி வேறு வண்டியில் வைக்கலாம். சட்டத்தில் அடித்த எண்ணை மாற்றுவது அத்துணை எளிதன்று. ஆனால் பேராக்கின் சேற்றிலும் மழையிலும் அறுபது ஆண்டு ஓடிய சட்டத்தில் அந்த எண் துருவில் மறைந்திருக்கும். 1994இல் புஸ்பகோம் பரிசோதனை நிலையங்கள் வந்த பின், பழைய வண்டியின் உரிமை மாற்றும் நாளில், கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து அந்த எண்ணைத் தேடும் காட்சி வழக்கமாயிற்று. ஆகவே விவரம் அறிந்தவர்கள் எண்ணுள்ள இடத்தைத் துப்புரவாக்கி, மெழுகோ எண்ணெயோ பூசிக் காக்கின்றனர். கதவின் உட்புறம், கருவிப்பலகையின் பின்புறம் என்று மறைவான இடங்களில் பதிவு எண்ணைத் தாமே அடித்தும் வைக்கின்றனர். துண்டு துண்டாய் விலைபோகும் வண்டிக்கு இதுவே இந்நாளைய ரோட்டர்.

ஐரோப்பாவில் 1998 முதல் புதுக் கார்கள் அனைத்துக்கும் மின்னணுத் தடை கட்டாயமாயிற்று. திறவுகோலில் உள்ள சில்லு சரியான மறைகுறியைச் சொன்னாலன்றிப் பொறி கிளம்பாது. அதை மின்னணுக் கருவியாலேயே ஏமாற்றும் கள்வரும் தோன்றிவிட்டனர். பழைய லேண்ட் ரோவரின் வழித்தோன்றலான டிஃபெண்டரின் உற்பத்தி 2016 ஜனவரி 29இல் நின்றதும் இங்கிலாந்தில் அதற்கு விலையும் ஏறியது, களவும் பெருகியது. அங்குள்ள உடைமையாளர் கிளட்ச் மிதிக்கு இரும்புப் பெட்டி போட்டுப் பூட்டுகின்றனர், மறைவிசை வைக்கின்றனர், எரிபொருள் குழாயை அடைக்கின்றனர். செயற்கைக்கோள் வழி வண்டியைத் தொடரும் கருவி ஒன்று மட்டும் புதிது.

தாப்பாவிலிருந்து 1931 முதல் மலையேறும் பழைய பாதையின் உச்சியில், கேமரன் மலையின் காய்கறித் தோட்டங்களில், இரண்டாம் மூன்றாம் வரிசை லேண்ட் ரோவர்கள் இன்றும் முட்டைக்கோசு சுமக்கின்றன. கதவில்லாதவை உண்டு, கண்ணாடியில்லாதவை உண்டு. சரிவின் விளிம்பில் சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக்கொடுத்து அவற்றை நிறுத்திவிட்டுப் போவர். உள்ளே எட்டிப் பார்த்தால் சிவப்புக் கோல் நடுவில் நிற்கிறதா என்பது தெரியும்.